கண் மேலே, கை கீழே: நிண்டெண்டோ டிஎஸ் லைட்டோடு என் அனுபவம்

நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியின் மெலிந்த மாடல் டிஎஸ் லைட், 2006இல் வெளிவந்தது. இன்றைக்கும் அது பையில் இல்லாமல் நான் ரயில் ஏறுவதில்லை. "போன்லயே எமுலேட்டர் போட்டா இதே கேமை ஆடலாமே, எதுக்கு இந்தப் பழசு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆடலாம்தான். ஆனால் டிஎஸ்ஸுக்கென்றே யோசித்துச் செய்த கேம்களைப் போனில் ஆடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி அந்தக் கருவியின் உடம்பில் இருக்கிறது. மடிப்பில், ஸ்டைலஸ் என்னும் தொடுதிரைப் பேனாவில், மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு திரைகளில்.

நான் இருப்பது டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம். டிஎஸ் என் கைக்கு வந்தது விளையாட அல்ல, ஜப்பானிய மொழியின் கான்ஜி எழுத்துகளைப் படிக்க. படிக்கத் தெரியாத எழுத்தை அகராதியில் எப்படித் தேடுவது? ஜப்பானிய மொழி கற்கும் எல்லோருக்கும் வரும் முதல் தலைவலி இது. 2006இல் நிண்டெண்டோ, டிஎஸ்ஸில் செருகும் ஒரு அகராதி கார்டு வெளியிட்டது. பெயர் 'கான்ஜி சோனோமாமா டிஎஸ் ராகுபிகி ஜிதென்'. பலகையில் பார்த்த எழுத்தை ஸ்டைலஸால் கீழ்த் திரையில் அப்படியே வரைந்தால் போதும், என்ன எழுத்து என்று கண்டுபிடித்து அர்த்தம் சொல்லிவிடும். ஜப்பானியர்களுக்காகச் செய்த கார்டு, வெளிநாட்டு மாணவர்கள் பலருக்குத் துணையாகிவிட்டது. போனில் இப்போது எத்தனையோ அகராதிச் செயலிகள் இருக்கின்றன. ஆனாலும் முனையுள்ள பேனாவை அழுத்திப் பிடித்துக் கோடு கோடாக எழுதும்போது எழுத்து மனதில் தங்குவதுபோல, விரலால் வழுக்கு கண்ணாடியில் கிறுக்கும்போது எனக்குத் தங்குவதில்லை.

அந்தப் பேனா உணர்வுக்குக் காரணம் உண்டு. டிஎஸ்ஸின் தொடுதிரை அழுத்தத்தை உணரும் வகை. மேலே மெல்லிய படலம், அடியில் இன்னொரு அடுக்கு, அழுத்தும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும். போன் திரை விரலிலுள்ள மின் தன்மையை உணர்வது. ஆகவே டிஎஸ்ஸில் நகம், ஸ்டைலஸ், கையுறை போட்ட விரல் எதுவும் வேலை செய்யும். ஆனால் லேசாகத் தடவினால் நடக்காது, அழுத்தவேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நண்பரின் பையன் முதல்முறை என் டிஎஸ்ஸை வாங்கியதும் மேல்த் திரையைத்தான் தடவினான்.

"மாமா, தொட்டா எதுவுமே ஆகலையே?"

"மேல பார்க்க மட்டும்டா தம்பி. கை வைக்கிறது கீழதான். கொஞ்சம் அழுத்து."

கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டான். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே மடியிலிருக்கும் நோட்டில் எழுதுகிறோமே, அந்தப் பழக்கம்தான் இது. அண்ணாந்து பார், குனிந்து எழுது. டிஎஸ் கேம்களில் நல்லவை எல்லாம் இதைப் புரிந்துகொண்டு செய்தவை.

இரட்டைத் திரை நிண்டெண்டோவுக்குப் புதிதல்ல. குன்பேய் யோக்கோய் உருவாக்கிய 'கேம் & வாட்ச்' வரிசையில் 1982லேயே இரண்டு திரையோடு மடிக்கும் வகை வந்துவிட்டது. 'ஆயில் பேனிக்' முதலில், அடுத்து 'டாங்கி காங்'. இன்றைக்குப் பல கண்ட்ரோலர்களில் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பட்டன் அந்த டாங்கி காங்கில் வந்ததுதான். நிண்டெண்டோவைப் பல பத்தாண்டுகள் நடத்திய ஹிரோஷி யமவுச்சி மறுபடி இரண்டு திரை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவருக்குப்பின் தலைவரான சத்தோரு இவாத்தா காலத்தில், 2004 நவம்பர் 21 அன்று டிஎஸ் அமெரிக்காவில் முதலில் வெளியானது, டிசம்பர் 2 அன்று ஜப்பானில். ஆரம்பத்தில் பலர் இதை ஒரு வித்தை என்றுதான் நினைத்தார்கள். கடைசியில் 15 கோடியே 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

இரண்டு திரை என்ன செய்யும் என்று ஒருவருக்குக் காட்ட நான் எடுப்பது 2007இல் அட்லஸ் நிறுவனம் வெளியிட்ட 'எட்ரியன் ஒடிஸி'. ஜப்பானில் 'செகாய்ஜு நோ மெய்க்யூ' என்று பெயர். ஒரு பிரம்மாண்ட மரத்தின் அடியிலுள்ள வனப் புதிர்ப்பாதைக்குள் ஐந்து பேர் கொண்ட குழுவோடு இறங்கவேண்டும். மேல்த் திரையில் நம் கண் பார்ப்பது: எதிரே செடி கொடி, ஒரு கதவு, இடப்பக்கம் திரும்பும் வழி. கீழ்த் திரையில் கட்டம் போட்ட வெற்றுத் தாள். வரைபடத்தை கேம் தராது, நாம்தான் வரையவேண்டும். ஒரு அடி வைத்ததும் இடது பக்கம் சுவர் தெரிகிறதா, ஸ்டைலஸால் ஒரு கோடு. கதவுக்கு ஒரு குறி. புதையல் பெட்டிக்கு ஒன்று. திரும்பி வரமுடியாத பாதைக்கு ஓர் அம்பு. நடுநடுவே சொந்தக் குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். சாதாரண எதிரிகளைத் தவிர, பெரிய ஆபத்தான எதிரிகள் சில வரைபடத்தின் மேல் நகர்வது தெரியும். நாம் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி வைக்கும். அதனால் சண்டை தொடங்குமுன்னே கீழே பார்த்துக் கணக்குப் போடவேண்டும்: இந்த மூலையில் ஒதுங்கினால் அது கடந்து போகுமா, இல்லை நம்மை மடக்குமா?

தப்பாக வரைந்த சுவர் பின்னால் நம்மைத்தான் சுற்றவிடும். சரியாக வரைந்த தளம் நம் கையெழுத்து மாதிரியே ஆகிவிடும். ஒரே கேமை ஆடிய இருவர் வரைபடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒருவர் குறிகளாக நிரப்பியிருப்பார், இன்னொருவர் சுவர் மட்டும் சுத்தமாகப் போட்டிருப்பார். இதைப் போனில் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து ஆடினால், வரையும் விரலே வரைபடத்தை மறைக்கும்.

மடிப்பையே கேமாக ஆக்கியவர்களும் உண்டு. 2007இல் வந்த ஜெல்டா வரிசையின் 'ஃபான்டம் அவர்கிளாஸ்' கேமில் ஓரிடத்தில், மேல்த் திரையிலுள்ள சின்னத்தைக் கீழ்த் திரையிலுள்ள கடல் வரைபடத்தில் பதிக்கவேண்டும். எந்தப் பட்டனும் இல்லை. ஸ்டைலஸால் தேய்த்தாலும் நடக்காது. டிஎஸ்ஸை மூடித் திறக்கவேண்டும், முத்திரை குத்துவதைப்போல. அவ்வளவுதான், பதிந்துவிடும். கருவி மூடியிருப்பதை உணரும் சென்சாரை உறக்க நிலைக்காக வைத்திருந்தார்கள், அதை ஒரு விடுகதையின் விடையாக்கிவிட்டார்கள். இதற்குமேல் என்ன சொல்லி நான் கருவியின் பக்கம் பேசுவது!

சரி, வாங்குவதற்கு வருவோம். எந்த மாடல்?

எழுத்து, அகராதி, டிஎஸ் கேம்கள் மட்டும் போதும் என்றால் டிஎஸ் லைட்தான் என் விடை. 218 கிராம் எடை, பிரகாசம் நான்கு அளவு, குறைந்த வெளிச்சத்தில் 15 முதல் 19 மணி நேரம் வரை தாங்கும் என்று நிண்டெண்டோ சொன்ன பேட்டரி. அடியில், நிண்டெண்டோவின் முந்தைய கருவியான கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜுக்கு ஓர் இடமும் உண்டு. 2008இல் வந்த டிஎஸ்ஐயில் கேமராவும் எஸ்டி கார்டும் வந்தன, அட்வான்ஸ் இடம் போய்விட்டது. கண் பார்வைக்குப் பெரிய திரை வேண்டுமென்றால் டிஎஸ்ஐ எல்எல் நல்லது, 4.2 அங்குலம்.

ஜப்பானில் வாங்குபவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். இங்கே விற்ற டிஎஸ் லைட்டின் அமைப்பு மெனுவில் ஆங்கிலம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். இங்கே விற்ற டிஎஸ்ஐயும், அடுத்த தலைமுறைக் கருவியான 3டிஎஸ்ஸும் ஜப்பானிய மொழி மட்டும்தான் பேசும். 3டிஎஸ் கார்டுகளுக்கு நாட்டுப் பூட்டும் உண்டு, ஜப்பானியக் கருவியில் அமெரிக்க 3டிஎஸ் கார்டு ஓடாது. டிஎஸ் கார்டுகளுக்குப் பொதுவாக அந்தப் பூட்டு கிடையாது. போக்கிமான் பிளாக், ஒயிட் போன்ற சில கார்டுகள் டிஎஸ்ஐயிலும் 3டிஎஸ்ஸிலும் நாடு பார்க்கும், ஆனால் டிஎஸ் லைட்டில் அவை நாடு பார்க்காமல் ஓடும். ஊருக்குப் போகும்போது யாருக்காவது பரிசாக வாங்கிப்போக நினைத்தால் இதை மனதில் வையுங்கள்.

3டிஎஸ் வைத்திருப்பவர்கள் டிஎஸ் கேமை அதிலேயே ஆடலாம். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று தோன்றும். டிஎஸ் திரை 256க்கு 192 புள்ளிகள். 3டிஎஸ்ஸின் உயரம் 240 புள்ளிகள். 192ஐ 240ஆக இழுக்கும்போது ஒன்றேகால் மடங்கு, ஒரு புள்ளி ஒன்றேகால் புள்ளியாக முடியாதே, அதனால் கலங்குகிறது. கேமைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறந்தால் அசல் அளவிலேயே, சிறியதாக ஆனால் கூர்மையாக வரும்.

பழைய பொருள் வாங்க நான் போவது ஹார்ட் ஆஃப், புக் ஆஃப் கடைகளுக்கு. ஹார்ட் ஆஃப் கடைகளில் 'ஜங்க்' என்று ஒரு பகுதி இருக்கும். உத்தரவாதம் கிடையாது, திருப்பித் தரமுடியாது, விலை மிகக் குறைவு. சார்ஜர் இல்லாத காரணத்துக்காகவே, சோதிக்க முடியாமல் அந்தக் கூடைக்குள் விழுந்த கருவிகளும் அங்கே கிடக்கும். பழுது பார்க்க ஆர்வம் இருந்தால் அது ஒரு சுரங்கம். ஆடினால் போதும் என்பவர்கள் சோதித்துத் தரும் அலமாரியிலேயே வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது கீல். டிஎஸ் லைட்டின் வலது கீல் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுவது அந்த மாடலில் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். கருவியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, மேல் மூடியை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். நடுவில் ஒரு 'க்ளிக்' விழுந்து நிற்கவேண்டும். தளதளவென்று ஆடினாலோ, வலது மூலையில் வெள்ளைக் கோடு தெரிந்தாலோ வேண்டாம். மேல்த் திரைக்கான ரிப்பன் கேபிள் கீல் வழியாகத்தான் சுருண்டு போகிறது. கீல் போனால் அடுத்தது அதுதான்.

அப்புறம் திரைகள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்கிறதா? ஒன்று மஞ்சள் தட்டியிருப்பது சகஜம், லேசாக இருந்தால் பழகிவிடும். தொடுதிரையைச் சோதிக்கக் கேம் கார்டே தேவையில்லை. மெனுவில் 'பிக்டோசாட்' என்ற, வரைந்து அரட்டை அடிக்கும் வசதி இருக்கிறது, ஓர் அறையைத் திறந்து மூலைக்கு மூலை மெதுவாகக் குறுக்குக் கோடு இழுங்கள். கோடு வழுக்கிக்கொண்டு நேராகப் போனால் திரை நலம். ஓரிடத்தில் துள்ளினால், பெரும்பாலும் ஓரத்தில் அழுக்கு சேர்ந்து அழுத்திக்கொண்டிருக்கும். விசிட்டிங் கார்டின் மூலையைச் சட்டத்துக்கும் திரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விட்டு நான்கு பக்கமும் ஓட்டினாலே சரியாகிவிடுவதுண்டு. கோடு முழுவதும் ஒரே பக்கம் விலகி விழுந்தால் அமைப்புகளில் அளவீடு திருத்தும் பகுதி இருக்கிறது, அதில் கேட்கும் இடங்களைத் துல்லியமாகத் தொட்டால் போதும். இரண்டுமே பலிக்காவிட்டால் தொடுபடலத்தை மாற்றவேண்டியிருக்கும்.

எல், ஆர் பட்டன்கள் டிஎஸ் லைட்டில் ஒரு பிடிவாதக்காரப் பகுதி. பல நாள் சும்மா கிடந்த கருவியில் ஆர் அழுத்தினால் பதிலே இருக்காது. உள்ளே தூசி. பட்டனை அழுத்தியபடி இடுக்கில் காற்று ஊதி, விடாமல் பல தடவை தட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். கேமரா லென்ஸ் துடைக்கும் ரப்பர் ஊதி நல்லது.

பேட்டரி மாற்றுவதுதான் மிக எளிய வேலை. அடி மூடியில் ஒரே திருகு. மூடி லேசாக உப்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம், அதைச் சார்ஜில் போடவே கூடாது. எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள், பழையதைக் குப்பையில் போடாமல் மின்கலம் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதற்குமேல் உள்ளே போகவேண்டுமென்றால் மூன்று முனைத் திருகாணிகள் இருக்கும், அதற்கான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் சாதாரண முனையை வைத்துத் திருகித் தலையை மழுக்கிவிடாதீர்கள். திறந்தவர்கள் ரிப்பன் கேபிளைச் செருகும்போது நிதானமாக இருக்கவேண்டும். கோணலாகச் செருகி மின்சாரம் கொடுத்தால் பலகையிலுள்ள கடுகளவு ஃபியூஸ் போய்விடும், அப்புறம் கருவி எழுந்து ஒரு நொடியில் படுத்துக்கொள்ளும்.

சார்ஜர் விஷயத்தில் குழப்பம் நிறைய. முதல் டிஎஸ்ஸும் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியும் ஒரே சார்ஜர். டிஎஸ் லைட்டுக்கு மட்டும் தனி. டிஎஸ்ஐ தொடங்கி 3டிஎஸ், 2டிஎஸ் வரை எல்லாவற்றுக்கும் ஒன்று. ஜப்பானில் 3டிஎஸ் எல்எல் பெட்டியில் சார்ஜர் வைத்தே விற்கவில்லை, ஆகவே பழைய பெட்டியில் இல்லையென்றால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எடுத்துப் போவோர் சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். ஜப்பானிய சார்ஜர் 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது, நம்மூர் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். யுஎஸ்பி கேபிள் தனியாக விற்கிறது, சாதாரணப் போன் சார்ஜரில் மாட்டிக்கொள்ளலாம். நான் ஊருக்குக் கொண்டுபோவது அதைத்தான்.

கார்டு படிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். தங்கநிறத் தொடுமுனைகளில் படிந்த அழுக்குதான் காரணமாக இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். டிஎஸ் கார்டுகளில் சேமிப்புக்கு உள் பேட்டரி கிடையாது, அதனால் பழைய கார்ட்ரிட்ஜ்களைப்போல பேட்டரி தீர்ந்து சேமித்தது அழியும் கவலை இல்லை. வேறு யாரோ எப்போதோ சேமித்து வைத்த வரைபடமோ, பாதி முடித்த புதிரோ அப்படியே இருக்கும். எனக்கு அதை அழிக்க மனமே வராது.

போலிக் கார்டுகள் இணையச் சந்தையில் அதிகம், முக்கியமாகப் போக்கிமான். 'ஹார்ட்கோல்ட்', 'சோல்சில்வர்', 'பிளாக்', 'ஒயிட்' ஆகியவற்றின் அசல் கார்டுகளுக்குள் அகச்சிவப்புக் கதிர் உறுப்பு இருக்கிறது. அதனால் அவற்றின் பிளாஸ்டிக் சாதாரணச் சாம்பல் நிறமல்ல, கறுப்பு. பலமான விளக்கின் முன் பிடித்தால் கருஞ்சிவப்பாக ஒளி ஊடுருவும். சாம்பல் நிறத்தில் ஹார்ட்கோல்ட் கொடுத்தால் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

இணையச் சேவைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. டிஎஸ்ஸின் வைஃபை சேவை 2014 மே 20உடன் நின்றது. டிஎஸ்ஐ கடை 2017இல். 3டிஎஸ் இ-ஷாப்பில் வாங்குவது 2023 மார்ச்சில், அதன் இணைய ஆட்டம் 2024 ஏப்ரலில். தரவிறக்கமாக மட்டும் விற்ற கேம்களுக்கு இனி நேரான வழியில்லை, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். ஆனால் கார்டாக வந்தது எதற்கும் சர்வர் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரோடு ஆட இணையமும் வேண்டாம்.

2009இல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட் 9' வந்தபோது மூடிய டிஎஸ்ஸைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாலே எதிரே வருபவரின் டிஎஸ்ஸோடு அது பேசிக்கொள்ளும், புதையல் வரைபடங்கள் கைமாறும். ஒரு தளம் முழுக்க மெட்டல் கிங் ஸ்லைம் என்ற எதிரி மட்டுமே வரும் வரைபடம் ஒன்று, கண்டுபிடித்தவர் பெயரோடே, அகிஹாபாராவில் கூடிய கூட்டத்தில் பரவி நாடு முழுக்கப் போனது. நான் அப்போது இங்கே இல்லை. இங்கிருந்தவர்கள் அதைச் சொல்லும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது அதைவிடச் சின்ன கூட்டம். 'மரியோ கார்ட் டிஎஸ்' கார்டு ஒன்றே ஒன்று இருந்தால் எட்டு டிஎஸ் வரை சேர்ந்து ஓட்டலாம். கார்டு இல்லாதவர்கள் மெனுவில் 'டவுன்லோட் ப்ளே' தேர்ந்தெடுத்தால் ஆட்டம் காற்றிலேயே வந்து இறங்கும். அவர்களுக்கு முகமூடி போட்ட 'ஷை கை' பாத்திரம் மட்டும்தான் கிடைக்கும், சில பாதைகள்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அது குறையாகவே தெரிவதில்லை, யார் எந்த நிற ஷை கை என்பதில்தான் சண்டை.

முதல் கார்டாக எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் 2005இல் வந்த மூளைப் பயிற்சி கார்டை வாங்குங்கள். தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூத்தா கவாஷிமாவின் பெயரில் வந்தது, லட்சக்கணக்கில் விற்றதால் பழைய பொருள் கடைகளில் கொட்டிக்கிடக்கும். கருவியைப் புத்தகம்போல நெடுக்காகப் பிடித்து, ஒரு பக்கம் கணக்கைப் பார்த்து மறுபக்கம் விடையை எழுதவேண்டும். இருபது கணக்குப் பயிற்சிக்கு எண்கள் தெரிந்தால் போதும். அடுத்தது மரியோ கார்ட். மூன்றாவதாக எட்ரியன் ஒடிஸி, ஆங்கிலக் கார்டாகப் பார்த்து வாங்குங்கள், டிஎஸ் லைட்டில் தடையில்லாமல் ஓடும். ஸ்டைலஸ் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். தொலையும்.